நாற்பது நாய்களுக்குச் சொந்தக்காரன்

திருத்தணி மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. ஊர் அப்போது ஆந்திராவோடு இருந்தது. மேலிடத்துக் காகிதங்கள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் வரும். எங்கள் டாக்டர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். பேசும்போதுதான் நடுவில் தெலுங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் யாருக்கும் அதனால் கஷ்டமில்லை. எங்களிடம் வருகிற மாடுகளே இரண்டு பாஷைக்கும் திரும்பிப் பார்க்கிற மாடுகள்தான்.

ஆஸ்பத்திரி என்றால் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம். ஏர் மாடு, வண்டி மாடு, கறவை மாடு, சில நாளில் ஆடு. நாய் வராது. அந்த உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். எனக்கு நாயைக் கண்டால் பயம். முட்டுகிற காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துவேன். தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கல்யாணமான மூன்றாம் மாதமே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைத்தெருவுக்குப் போகும்போது நாய் இருக்கிற பக்கமாக அவள் நடந்து, என்னை மறுபக்கம் விடுவாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டாள். அதுதான் இன்னும் அவமானம்.

ஒரு சித்திரை மாதம் நெசவாளர் தெருவில் வெறிநாய் ஒன்று புகுந்துவிட்டது. தறிக்கு நெடுக்கு நூலைப் பாவாகத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவரை முழங்காலுக்குக் கீழே கடித்தது. நாயை அங்கேயே அடித்துப் போட்டார்கள். கடிபட்டவருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. எங்கள் ஊரில் அந்த மருந்து கிடையாது. தினமும் ரயிலேறி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வர வேண்டும். தறி சும்மா கிடந்தது. ஏழாவது நாள் ஸ்டேஷனிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், அதற்கு மேல் முடியாமல் எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு அவர் கேட்டார்:

"சார், மாட்டுக்கு நோவு வராம இருக்கிறதுக்கு முன்னாடியே ஊசி போடறீங்களே, நாய்க்கு அந்த மாரி ஒண்ணும் இல்லீங்களா?"

"உந்தய்யா, இருக்குது," என்றார் டாக்டர். "ஆனா நாயை யாரு இழுத்துகினு வர்றாங்க?"

"நாய்க்கு ஒண்ணு போட்டிருந்தா எனக்குப் பதினாலு போடத் தேவையில்லாம இருந்திருக்குமே சார்."

  டாக்டர் மறுநாளே பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்கப் போய்விட்டார்.

நாய் ஊசிக்கு நாலணா கட்டணம் என்று விதி. நாய்க்காக நாலணா கொடுக்கிற ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்று டாக்டரே தலைவரிடம் சொன்னாராம். பேசிப் பேசி அந்த வருஷத்துக்குப் பஞ்சாயத்தே அதை ஏற்றுக்கொள்ளும்படி செய்துவிட்டார். தலைவர் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். ஊசி போட்ட நாயின் கழுத்தில் நம்பர் அடித்த தகர வில்லை கட்ட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஆட்கள் வந்து வில்லை இல்லாத நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். காவடிக் கூட்டம் மலையை மறைக்கிற நாளில் ஒரு வெறிநாய் உள்ளே வந்தால் என்ன ஆவது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

மருந்து ரயிலில், தெர்மாஸ் பிளாஸ்கில், ஐஸ் நடுவே வந்தது. ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டி இல்லை. சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, உமியில் புதைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்தோம். தமுக்கு அடித்து ஊர் முழுக்கச் சொன்னார்கள்: நாளைக் காலை, மாட்டாஸ்பத்திரியில், நாய்களுக்கு இலவச ஊசி.

காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். பத்து மணி வரைக்கும் மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் ஆட்டைக் கொண்டுவந்தார். இலவசம் என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. இரண்டாவது ஆள் கையை வீசிக்கொண்டு வந்து, டாக்டர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"நாய் எங்கே?" என்று கேட்டேன்.

"அது வரமாட்டேன்னு அடம் புடிக்குதுங்க. பரவால்ல, எனக்குப் போட்டுடுங்க. நான் போட்டுகினா அது கடிச்சாலும் ஒண்ணும் ஆவாதில்ல?"

அவரை அனுப்பி வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். ஐம்பது வயசுக்கு மேல். அவர் அப்பா, தாத்தா எல்லோருமே அந்த அடுப்படியில் நின்றவர்கள். மடி, ஆசாரம் என்றால் அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊரில் பேச்சு. எதிரில் ஆள் வந்தால் நிழல் படாமல் ஒதுங்கிப் போவார். அப்படிப்பட்டவர் மாட்டாஸ்பத்திரி வாசலில் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று, உள்ளே வராமலே கேட்டார்.

"ஏம்ப்பா கம்பவுண்டர், இந்த ஊசி போட்டா நாய்க்கு ரொம்ப வலிக்குமோ?"

"வலிக்காது சாமி. உங்ககிட்ட நாய் இருக்குதா?"

"எனக்கெதுக்குப்பா நாய்? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்." போய்விட்டார்.

அவரிடம் நாய் இருப்பது ஊருக்கே தெரியும். பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை. தினமும் மத்தியானம் அவர் படியிறங்கி வரும் நேரத்துக்குக் கடைசிப் படியருகே வந்து உட்காரும். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது அவர் கையிலிருக்கும் பொட்டலத்திலிருந்து ஒரு கவளம் சாதம் தவறி விழும். வருஷக்கணக்காக, ஒரு நாள் விடாமல், அதே இடத்தில் தவறி விழுந்துகொண்டிருந்தது.

அன்று சாயந்திரம்தான் நாய்கள் வராத காரணம் தெரிந்தது. ஊசி போட்டால் நாய்க்குக் குரல் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு நூல் கட்டு கிடக்கிறது. நாய் குரைக்காவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்.

"அவங்க வரலைன்னா நாம போலாம், பதண்டி," என்றார் டாக்டர்.

பதண்டி என்றால் புறப்படுங்கள் என்று அர்த்தம். 

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் ஸ்டவ், பிளாஸ்க், ரிஜிஸ்டர், தகர வில்லைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனோம். கடிபட்டவர் தன் வீட்டு வாசலில் இடம் ஒழித்துக் கொடுத்தார். முதல் நாயை அவர் மனைவியே இழுத்து வந்தார். நான் தலையைப் பிடிக்க வேண்டும், டாக்டர் விலாப்புறத்தில் தோலைத் தூக்கி ஊசி போடுவார், ஏற்பாடு அதுதான். நான் நாயின் தலையை நோக்கிக் கையை நீட்டினேன். அது என்னைப் பார்த்தது. கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பவுண்டர் சார், நீங்க பொஸ்தகத்தைப் புடிங்க. நாயை நாங்க புடிக்கிறோம்."

தெருவே சிரித்தது. பெண்கள் நாலைந்து பேர் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாக்கைப் போர்த்தி, தலையை அக்குளில் இடுக்கி, காதைச் சொறிந்துகொண்டே அவர்கள் பிடித்த பிடியில் நாய்களுக்கு ஊசி போட்டதே தெரியவில்லை. ஊசி போட்ட முதல் நாய் எழுந்து உதறிக்கொண்டு என்னைப் பார்த்து ஓங்கிக் குரைத்தது. குரல் போய்விடும் என்ற வதந்தி அந்த நிமிஷமே ஒழிந்தது. என் பயத்தால் ஊருக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. மிச்சப் பாவு நூலை முறுக்கி, சிவப்பும் பச்சையுமாகக் கயிறு செய்து, தகர வில்லையைக் கோத்து நாய்களின் கழுத்தில் கட்டினார்கள்.

சங்கடம் ரிஜிஸ்டரில் வந்தது. அதில் 'சொந்தக்காரர் பெயர்' என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன்: "இது யார் நாய்?"

நாயைப் பிடித்திருந்த அம்மாள் கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

"இப்பத்தானே மடியில வெச்சுகினு இருந்தீங்க?"

"புடிச்சேன். அதுக்காக என்னுதாயிடுமா? அது தெருவுல இருக்கிறதுங்க."

"சோறு யார் போடறாங்க?"

"மீந்தா போடுவோம்."

"எழுதிக் குடுத்தா நாளைக்கு வரி போடுவாங்க நைனா, பேரைக் குடுக்காத!" என்று திண்ணையிலிருந்த ஒரு பெரியவரை உள்ளேயிருந்து யாரோ எச்சரித்தார்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில். அடுத்த தெருவிலும் அதே. நாய்கள் இருக்கின்றன, சோறு தின்கின்றன, கூப்பிட்டால் வருகின்றன; ஒன்றுக்கும் சொந்தக்காரர் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் மேலிடம் ஒப்புக்கொள்ளாது. டாக்டர் வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உன் பேரைப் போடய்யா."

"எந்த நாய்க்கு சார்?"

"அன்னிட்டிக்கி. எல்லாத்துக்கும்."

இப்படியாக, நாலு நாளில், நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிற நான், திருத்தணியில் நாற்பதுக்கு மேற்பட்ட நாய்களுக்குச் சட்டப்படி சொந்தக்காரன் ஆனேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அந்த வாரமே பின்தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்து வாசலில் நின்றார். கையில் மிதிபட்ட கூழ்வடாம் துணி.

"பன்னெண்டாம் நம்பர் உங்க நாய்தானுங்களே?"

"எங்க வீட்டுல நாயே இல்லீங்களே," என்றாள் என் மனைவி.

"பொஸ்தகத்துல உங்க வூட்டுக்காரர் பேருதான் கீதுன்னு சொன்னாங்க. பாருங்க, ஈர வடாம் மேல நடந்து போயிருக்குது. போனதுதான் போச்சு, திரும்பியும் அது மேலயே வந்திருக்குது."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டர் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள்: "மொத்தம் எத்தினிங்க?"

சொன்னேன்.

"இதைப் பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்," என்றாள். அந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டு வடாம் ஒரு படி அளந்து கொடுத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்தார்கள். மூன்றாம் நம்பர் யாத்திரிகர் ஒருவரின் செருப்பில் ஒன்றை மட்டும் கொண்டுபோய்விட்டது. இருபதாம் நம்பர் பள்ளிக்கூடத்துக்குள் போய் வாத்தியார் நாற்காலியின் கீழ் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. முப்பத்தொன்றாம் நம்பர் குட்டி போட்டிருக்கிறது. இதை மட்டும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், எனக்குப் பேரப்பிள்ளை பிறந்ததுபோல. நாய்க்குச் சோறு போடுகிறவர்களே வந்து புகார் சொன்னதுதான் வேடிக்கை. காலையில் கையால் ஊட்டுவார்கள். மத்தியானம் 'உங்க நாய்' என்று என்னிடம் வருவார்கள்.

மடைப்பள்ளிக்காரரின் பழுப்பு நாய்க்கு மட்டும் ஊசி போட முடியவில்லை. எங்கள் சைக்கிள் மணி கேட்டாலே படிகளில் ஏறி ஓடிவிடும். அவரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டேன். "நீங்க கூப்ட்டா நிக்கும் சாமி. ஒரு நிமிஷம் புடிச்சுக் குடுங்க."

"நான் எப்படிப்பா அதைத் தொடறது? அது பாட்டுக்கு வர்றது, அது பாட்டுக்குப் போறது. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாய் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். நீள மூங்கிலின் முனையில் கம்பிக் கண்ணி, பின்னால் கம்பி அடைத்த மாட்டுவண்டி. வில்லை இருக்கிற நாயைத் தவறிப் பிடித்துவிடக்கூடாது என்று அடையாளம் சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். பழுப்பு நாய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூங்கிலைப் பார்த்ததும் எழுந்தது. ஆனால் ஓடவில்லை. அது அவர் வருகிற நேரம். ஒரு அடி பின்னால் போய், மறுபடி படியருகே வந்து நின்றது. கண்ணி கழுத்தில் விழுந்துவிட்டது.

நாய் கத்திய கத்தலில் பூக்கடைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கே என்னவோ செய்தது. அது என் நாய் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வில்லை இல்லாத நாயை எப்படிச் சொல்வது என்று தயங்கிய அந்த நேரத்தில் படிகளின் மேலிருந்து குரல் கேட்டது.

"விடுடா! டேய், விடுடா அதை!"

மடைப்பள்ளிக்காரர் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தார். அந்த வயசில் அப்படி இறங்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கையிலிருந்த பொட்டலம் எங்கேயோ சிதறிவிட்டது. நேரே வந்து நாயின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்துக் கம்பியைத் தன் விரல்களால் பிரிக்க ஆரம்பித்தார்.

"வில்லை இல்லீங்களே சாமி. யார் நாயுங்க இது?" என்றார் கண்ணி பிடித்தவர்.

"என் நாய். வில்லை இல்லேன்னா இதோ போட்டுண்டு வரேன். ஏம்ப்பா கம்பவுண்டர், நட!"

நாயை இரண்டு கைகளாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். அது நடுங்கிக்கொண்டே அவர் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அப்படியே கடைத்தெரு முழுவதும் நடந்தார். தேங்காய்க் கடையில் பேரம் நின்றது. ஜட்கா வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.  அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தேதான் போனார்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்த மருந்தில் நாலைந்து நாய்களுக்கானது மிச்சம் இருந்தது. ஊசி ஏறும்போது நாய் அசையவில்லை. அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார். நான் ரிஜிஸ்டரைப் பிரித்தேன்.

"சொந்தக்காரர் பேரு சாமி?"

தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நாயின் அடையாளம் என்று இன்னொரு கட்டம் உண்டு. நிறம், பெட்டை என்று எழுதிவிட்டு, கூப்பிடுகிற பெயர் ஏதாவது உண்டா என்று சும்மாதான் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மிகவும் தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார். அழகான பெயர். நாய் உடனே நிமிர்ந்து வாலை ஆட்டியது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்; அவர் நம்பிச் சொன்னது. ஆனால் அந்த ஆட்டலிலிருந்து ஒன்று தெரிந்தது: அது நேற்று வைத்த பெயர் இல்லை.

பிறகு அவர் குளத்துக்குப் போய் முழுக்குப் போட்டார். திருப்தியில்லாமல் மறுபடி போட்டார். மலையேறுகிற வழியில் நாய் பின்னாலேயே வந்து காலில் உரசிவிட்டதால் இறங்கி வந்து மூன்றாவது தடவையும் போட்டார். ஈர வேஷ்டியோடு வந்தவரை என்னவென்று கோயிலில் கேட்டபோது, கால் வழுக்கிக் குளத்தில் விழுந்துவிட்டேன் என்று சொன்னாராம். அதற்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. கேட்டவர்களுக்கும் தெரியும். அவர்கள் வெறுமனே தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நெசவாளர் தெருவிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மரச்சட்டத்தில் சாய்ந்து நின்று, தலையைச் சொறிந்தார்.

"அந்த ஏழாம் நம்பர் கீதே சார், அதை என் பேருக்கு மாத்திட முடியுங்களா?"

"ஏன்? அன்னிக்கு உங்க நாய் இல்லைன்னீங்களே."

"ஆங், சொன்னேன். சாமியே ஒத்துகினாரு. நான் மட்டும் இன்னா பெரிய இவனா?"

அடுத்த நாள் நாலு பேர். அதற்கடுத்த நாள் வடாம் அம்மாள் வந்து பன்னிரண்டாம் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். அதுவரை நான் கேள்விப்படாத விஷயம்: அந்த நாய் தினமும் அவர் வீட்டில்தான் படுக்கிறதாம். கிருத்திகை முடிவதற்குள் என் நாய்கள் எல்லாம் கைமாறிவிட்டன. ஸ்டேஷன் பக்கத்தில் திரிகிற கறுப்பு நொண்டி ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் மனைவி ஒரு நாள் சட்டியில் சாதத்தைப் பிசைந்து கொல்லைப்பக்கம் வைத்தாள். "பேரு உங்களுதுதானே? சோறாவது நாம போடுவோம்," என்றாள். அது எங்கள் கொல்லையிலேயே தங்கிவிட்டது. நான் வாசல்வழியை மட்டும் உபயோகித்தேன்.

மறுவருஷம் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்தக் காலை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். தறியை விட்டு யாரும் தூரம் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். பஞ்சாயத்து இந்தத் தடவை பாதிக் கட்டணம்தான் ஏற்றுக்கொண்டது. மீதி இரண்டணாவை முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் ரயிலேறவில்லை.

கடிபட்ட நெசவாளர் வீட்டுக்கு நாங்கள் போனபோது அவர் மனைவி நூல் கூடையை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடைக்குள் ஏதோ உறுமியது.

"டாக்டர் சார், பூனைக்கும் இந்த நோவு வருமாமே, நெஜங்களா?"

"வரும்," என்றார் டாக்டர்.

"அப்போ இதுக்கும் போட்டுடுங்க. எலி தொல்லைக்கு வெச்சுகினு கீறோம். இதை வுட்டா நூலெல்லாம் எலி தின்னுடும்."

டாக்டர் அதுவரை பூனைக்கு ஊசி போட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் அதை வெளியே காட்டாமல் புத்தகத்தைப் புரட்டினார், அளவைப் பார்த்தார், மருந்தை ஏற்றினார். "மூடியை மெதுவா திறங்கம்மா," என்றார். அந்த அம்மாள் கூடை மூடியை ஒரு விரல் அகலம் திறந்தார். அவ்வளவுதான். பூனை டாக்டரின் தோள் மேல் ஒரு கால் வைத்து, வீட்டுக்குள் பாய்ந்து, குழித்தறியில் பூட்டியிருந்த பாவின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, உத்தரத்தில் ஏறிக்கொண்டது. ஓடிய வழியெல்லாம் இழைகள் பட் பட்டென்று அறுந்தன.

நெசவாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றினார், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தார். "எப்படி செய்யணும், சொல்லுங்க. நான் செய்றேன்," என்றார். அந்த அம்மாள் அறுந்த இரண்டு முனைகளை எடுத்து, விரலில் வைத்து முறுக்கிப் பிணைத்துக் காட்டினார். டாக்டர் ஒன்று பிணைத்தார். பத்து பிணைத்தார். நானும் மறுபக்கம் உட்கார்ந்தேன். என்னுடையதெல்லாம் இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது. டாக்டருடையது நின்றது.

மத்தியானம் தாண்டிவிட்டது. அந்த அம்மாள் எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, டாக்டர் பிணைத்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஊசி புடிச்ச கையாச்சே, சோக்கா வருது. சார், மாட்டாஸ்பத்திரியில சம்பளம் பத்தலைன்னா சொல்லுங்க, ஒரு தறி காலியா கீது."

டாக்டருக்கு 'சோக்கா' புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நேர்த்தியாக வருகிறதாம் என்று தெலுங்கில் சொன்னேன். குனிந்த தலை நிமிராமலே சிரித்தார், அடுத்த இழையை எடுத்தார். பூனை உத்தரத்தின் மேல் நாலு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஊசி போட அடுத்த வாரம்தான் முடிந்தது.